எடோவிலிருந்து நான், கியோட்டோவிலிருந்து அபிராமி

அபிராமி என்கிட்ட பேசறதை நிறுத்திப் பத்து மாசம் ஆச்சு. அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லைன்னு ஒன்பது மாசம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பத்தாவது மாசம் ஒருநாள் காலைல என் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி போனைப் பாத்துக்கிட்டே, "மதியழகன் இந்த மாசக் கடைசியில ரிடையர் ஆறாராம். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போறாங்களாம். ஒரேயடியா" ன்னார். மதியழகன் அபிராமியோட வீட்டுக்காரர். என் கையில இருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்னுபோச்சு. தோசை கருகிடுச்சு. "போகட்டுமே, எனக்கென்ன?" ன்னு சொல்லிட்டு, கருகின தோசையை அவர் தட்டுலயே போட்டேன்.

எனக்கென்னவாம்! டெல்லி ஆர்.கே.புரத்துல ஒரே மாடிப்படியில எதிரெதிர் வீடு நாங்க. நான் மினிஸ்ட்ரிக்கு வேலைக்குப் போவேன், என் பொண்ணு மதுமதியை ஸ்கூல் பஸ்லேர்ந்து இறக்கிச் சோறு போட்டுத் தூங்க வைக்கறது அபிராமி. மதுமதிக்கு முதல் பல்லு விழுந்ததே அவ மடியிலதான். நான் ரிடையர் ஆகி துவாரகாவுல ஃபிளாட் வாங்கிப் போனப்புறமும், மாசாமாசம் கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயில்ல சந்திச்சுக்குவோம். சாமி கும்பிடறது அஞ்சு நிமிஷம், படிக்கட்டுல உக்காந்து பேசறது ரெண்டு மணி நேரம். முருகனுக்கே எங்க குடும்பக் கதை மனப்பாடம் ஆயிருக்கும்.

சண்டை எதுக்குன்னா, போன தை மாசம் திருச்சியில ஒரு கல்யாணம். டெல்லிலேர்ந்து நாங்க பத்துப் பன்னெண்டு பேர் ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல கிளம்பினோம். வண்டி நாக்பூர்ல நின்னுச்சு. ஆரஞ்சு வாங்கறேன்னு அபிராமி இறங்கினா. கொஞ்ச நேரத்துல வண்டி நகர ஆரம்பிச்சுது, இவளைக் காணோம். நான் கதவுப் பக்கம் ஓடிப் பாத்தா, பிளாட்ஃபாரத்துல ஒரு மஞ்சள் புடவை பின்னாடி பின்னாடி போகுது. அபிராமியும் அன்னிக்கு மஞ்சள் புடவைதான். அவ கையில ஆரஞ்சுக்கு எடுத்த சில்லறை மட்டும்தான், பர்ஸ் இல்லை, போன் சீட்டுல கிடக்கு, ஹிந்தியும் இன்னி வரைக்கும் தட்டுத் தடுமாறித்தான் பேசுவா. நான் யோசிக்கவே இல்லை, அந்தச் சிவப்புச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்துட்டேன்.

வண்டி கிறீச்சுனு நின்னுச்சு. மேல் பர்த்துலேர்ந்து ஒரு சூட்கேஸ் விழுந்துச்சு. ரயில்வே போலீஸ்காரர் ரெண்டு பேர் வந்து, "கிஸ்னே கீஞ்சா?", யாரு இழுத்ததுன்னு கத்தறாங்க. அந்த நேரம் பாத்து அடுத்த பெட்டியிலேர்ந்து மகராணி மாதிரி நடந்து வரா அபிராமி, கையில ஒரு பை ஆரஞ்சு. "வண்டி எதுக்கு நின்னுருச்சு?" ன்னு என்னையே கேக்கறா! கிட்ட இருந்த பெட்டியில ஏறி உள்ளாறயே நடந்து வந்திருக்கா. மஞ்சள் புடவை வேற எவளோ.

போலீஸ்காரங்க என்னைப் போட்டு வறுத்தெடுத்தாங்க. அபிராமியையும் ஏதோ கேட்டாங்க, அந்தக் கூச்சல்ல எனக்கு அது காதுல விழலை. திடீர்னு அவ முகம் சிவந்து, என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாடி, "உன்னை யாரு இழுக்கச் சொன்னா? எல்லாத்துலயும் உனக்கு முந்திரிக்கொட்டைத்தனம்!" ன்னுட்டா. நானும் சும்மா இருப்பேனா? "போனா போறான்னு விட்டிருக்கணும், நாக்பூர்லயே ஆரஞ்சு வித்துக்கிட்டு இருந்திருப்பே" ன்னேன். அதோட சரி. கல்யாணத்துல அவ ஒரு பந்தி, நான் ஒரு பந்தி.

நான் செஞ்சதுல என்ன தப்பு? இன்னைக்குக் கேட்டாலும் இழுத்தது சரிதான்னு சொல்லுவேன். அதனால நான் போன் பண்ண முடியாது. அவ சரியான அழுத்தக்காரி, அவளும் பண்ண மாட்டா. இதுக்கு நடுவுல மாசம் தேய்ஞ்சுக்கிட்டே வருது. கோயம்புத்தூர் போயிட்டா அப்புறம் எந்தப் படிக்கட்டுல போய் அவளைப் பிடிக்கிறது? ராத்திரி படுத்தா இதே நெனைப்புதான் எனக்கு.

இந்தச் சமயத்துலதான் மதுமதி ஒரு வேலையை இழுத்து விட்டா. அவ குர்காவ்ல ஒரு ஜப்பான் கம்பெனியில மொழிபெயர்ப்பாளர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பா, ஜப்பானிய மொழியைத் தண்ணி பட்ட பாடாப் பேசுவா. எங்கே போய்ச் சொல்றது! அவளோட பெரிய அதிகாரிகிட்ட ஒரு படத்தொகுப்பு இருக்காம். அந்தக் காலத்துல எடோன்னு பேர் இருந்த டோக்கியோவிலேர்ந்து கியோட்டோ வரைக்கும் டொகாய்டோன்னு ஒரு சாலை. வழியில அம்பதுக்கு மேல தங்கல் ஊருங்க. ஊருக்கு ஒரு படம். மரப்பலகையில செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகையில மை தடவி, காகிதத்துல ஒத்தி எடுத்தது. அவர்கிட்ட இருந்தது பழைய முறையிலயே புதுசா அச்சடிச்ச பிரதி. அதை நம்ம ஜனங்க பாக்கட்டுமேன்னு மலை மந்திர் பக்கத்துல ஒரு ஹாலை எடுத்து மாட்டிட்டா. மூணு மொழியில அட்டை எழுதணும், தமிழ் அட்டை என் தலையில.

எழுதறதுக்காகப் படங்களை உக்காந்து பாத்தேன். பாக்கப் பாக்க எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது நம்ம ஜி.டி. எக்ஸ்பிரஸேதான். ஒரு ஊர்ல கூழு மாதிரி ஏதோ கிழங்குக் கஞ்சியாம், அந்தக் கடையில ரெண்டு பேர் வளைச்சுக் கட்டறாங்க. இன்னொரு ஊர்ல விடுதிக்காரப் பொம்பளைங்க, போற ஆம்பளையைத் துணி மூட்டையோட பிடிச்சு உள்ளே இழுக்கறாங்க. கரோல் பாக்ல கடைக்காரங்க நம்மளை இழுக்கற மாதிரியே இருக்கு. ஒரு ஊர்ல காத்து தொப்பியை அடிச்சுக்கிட்டுப் போகுது, ஒருத்தன் அதும் பின்னாடி தலைதெறிக்க ஓடறான். எல்லாப் படத்துலயும் யாரோ மூட்டை தூக்கறான், யாரோ கால் வலிக்குதுன்னு உக்காந்திருக்கான். இதையெல்லாம் அபிராமிகிட்ட காட்டணும்னு முதல்ல தோணிடுச்சு. அப்புறம்தான் நாங்க பேசிக்கறதில்லைங்கறது ஞாபகம் வந்துச்சு.

மதுமதி படங்களை வலது பக்கத்துலேர்ந்து இடது பக்கமா மாட்டியிருந்தா. ஜப்பான்ல பழைய சுருள் ஓவியங்களை அப்படித்தான் பாப்பாங்களாம். வாசல்ல நுழைஞ்சதும் வலது கைப்பக்கம் எடோ. அங்கேர்ந்து சுவரோரமா சுத்தி வந்தா, வாசலுக்கு இடது பக்கம் கியோட்டோவுல முடியும். தரையில அம்புக்குறி எல்லாம் அழகா ஒட்டியிருந்தா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, சேஷன் சார் குத்துவிளக்கோட வர்ற வரைக்கும்.

சேஷன் சார் அந்த ஹாலுக்குச் செயலாளர். விளக்கு ஏத்தாம அந்த ஹால்ல ஒரு நாற்காலி கூட போட விடமாட்டார். வாசல்ல வெச்சா காத்துல அணையும், சுவரோரம் வெச்சா படத்துக்கு ஆபத்து. அதனால ஹாலுக்கு நட்ட நடுவுல ஆளுயரக் குத்துவிளக்கை நிறுத்தி, அஞ்சு முகமும் ஏத்தி, சுத்தி பூக்கோலமும் போட்டாச்சு. அதைச் சுத்தி, சாயங்காலம் நடக்கப்போற கச்சேரிக்குன்னு நாற்காலி போட்டதுல, படங்களுக்கு முன்னாடி ஒரு ஒத்தையடிப் பாதைதான் மிஞ்சிச்சு.

அன்னிக்குக் கிருத்திகை. பூஜை முடிஞ்சு கோயில் கூட்டம் அப்படியே ஹாலுக்குத் திரும்பிச்சு. முதல்ல வந்த மாமி செருப்பை வெளியே கழட்டினாங்க. உள்ளே நுழைஞ்சாங்க. நடுவுல விளக்கைப் பாத்தாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அவ்வளவுதான், கால் தன்னால இடது பக்கம் திரும்பிடுச்சு. அவங்களுக்குப் பின்னாடி வந்தவங்களும் இடது பக்கம். நடுவுல விளக்கு எரியறப்ப எந்தத் தமிழச்சி அப்பிரதட்சிணமாப் போவா? அம்புக்குறியாவது ஒண்ணாவது!

"அம்மா! எல்லாரும் கியோட்டோலேர்ந்து ஆரம்பிக்கறாங்க!" ன்னு மதுமதி அழாத குறையா ஓடி வந்தா. "வாபஸ் வர்றாங்கம்மா! கிளம்பவே இல்லாம ஊருக்குத் திரும்பறாங்க!"

"விளக்கை எடுத்துடலாமா?" ன்னு கேட்டேன்.

"எரியற விளக்கையா?" ன்னு சேஷன் சார் நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டார்.

"நீ முன்னாடி நடந்து காட்டும்மா. உன்னைப் பாத்து நாலு பேர் வருவாங்க" ன்னா மதுமதி. எனக்கும் விளக்கை இடது கைப்பக்கம் விட்டு நடக்கக் காலே வரலை. ஆனா பெத்த பொண்ணு கண்ணு கலங்கி நிக்கறா. "முருகா, இது விளக்கைச் சுத்தறது இல்லப்பா, ஜப்பான் போறது" ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு எடோவுல காலை வெச்சேன். என் பின்னாடி என் வீட்டுக்காரர், சேஷன் சார், இன்னும் கொஞ்சம் ஆம்பளைங்க. எதிர்ப்பக்கத்துலேர்ந்து மாமிங்க படை. வழியில ஒருத்தருக்கொருத்தர் வயித்தை எக்கி, தோளைச் சாய்ச்சு, "கொஞ்சம் நகருங்கோ", "சாரி சார்" னு ஒரே கூத்து. நான் விறுவிறுன்னு நடந்தேன். பாலம் தாண்டி, மலை தாண்டி, கஞ்சிக்கடை தாண்டி, தொப்பிக்காரனையும் தாண்டியாச்சு. அப்ப நிமிர்ந்து பாக்கறேன், எதிர்வரிசையில மஞ்சள் புடவை. மேல ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர்.

இந்தத் தடவை அவளேதான்.

திரும்பிடலாம்னு பாத்தா பின்னாடி சேஷன் சார் தொப்பையோட நிக்கறார். அவ பின்னாடியும் பத்து மாமிங்க. அவளும் என்னைப் பாத்துட்டா. ஒவ்வொரு படமா நிதானமா பாக்கறவ அவ, அதனால இன்னும் கியோட்டோ பக்கத்துலயே இருந்தா. நேருக்கு நேர் வந்து நின்னோம். முகத்தைத் திருப்பக் கூட இடம் இல்லை.

"அக்கட்டால போ" ன்னா. தள்ளிப் போன்னு அவங்க ஊர்ல சொல்ற விதம் அது. பத்து மாசத்துல அவ என்கிட்ட பேசின முதல் வார்த்தை.

"அம்புக்குறியைப் பாரு. நீதான் தப்பா வந்திருக்கே."

"நடுவால விளக்கு எரியுது. நானென்ன அப்பிரதட்சிணமா வரோணுமா? உனக்குத்தான் எதுலயும் ஒரு முறை கிடையாது."

"ஆமாமா, முறை தெரிஞ்சவ! வண்டி கிளம்பறது கூடத் தெரியாது."

"சலோ, சலோ, ஜல்தி" ன்னு சேஷன் சார் பின்னாடி நின்னு அவசரப்படுத்தினார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவரைத் திரும்பிப் பாத்த பார்வையில மனுஷன் வாயை மூடிக்கிட்டார்.

அபிராமி என்னைப் பாக்கல. அவ சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தா. அங்கே இருந்தது மழைப் படம். ஒரு மேட்டுச் சரிவு. மழை சாய்ஞ்சு அடிக்குது. குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் கீழே ஓடறான், பல்லக்குத் தூக்கற ரெண்டு பேர் மேலே ஏறறாங்க. பல்லக்குக்குள்ளே ஒரு ஆளு, மேலே நல்லா மூடிப் போட்டிருக்கு.

"இந்தப் பல்லக்குக்காரனைப் பாரு புள்ள" ன்னா அபிராமி. குரல் மாறியிருந்துச்சு. "வெளிய அத்தனை பேரும் நனைஞ்சு ஓடறாங்க. இவன் உள்ளாற தூங்கறான்."

"அதுக்கென்ன இப்போ?"

"அன்னைக்கு அந்தப் போலீஸ்காரன் என்னைய என்ன கேட்டான் தெரியுமா? 'உன்கூட வந்தவரு யாரும்மா, நீ காணாமப் போனது அவருக்குத் தெரியாதா?' ன்னான். எனக்கு அந்த ஹிந்தி மட்டும் நல்லாப் புரிஞ்சுது. என்ற வீட்டுக்காரரு மேல் பர்த்துல கொறட்டை. வண்டி நின்னு, பொட்டி விழுந்து, நீ திட்டு வாங்கி எல்லாம் ஆச்சு, அப்பவும் கொறட்டை. அத்தனை பேரும் என்ற மூஞ்சியப் பாத்தாங்க. அந்த அவமானத்தை எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல. உன்ற தலையில இறக்கிட்டேன்."

"பத்து மாசமாவா இறக்கிக்கிட்டு இருந்தே?" ன்னேன்.

"நீ எங்க கேட்ட?" ன்னா. அப்புறம் ஸ்வெட்டர் கையில கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கோசரம் எதுவும் நின்னதில்ல, பூங்கோதை. கைகாட்டுனா பஸ்ஸு நின்னதில்ல. அடுப்புல பால் நின்னதில்ல. நீ ஒரு ரயிலையே நிறுத்திப்போட்ட."

நான் அழுதுட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, ஹோன்னு அழுதேன். அவளும் அழுதா. ஜப்பான்காரன் மழையில நனைஞ்சதை விட நாங்க அதிகம் நனைஞ்சோம். பின்னாடி இருந்த மாமிங்க, படம்தான் அவ்வளவு உருக்கமா இருக்கு போலன்னு எட்டி எட்டிப் பாத்தாங்க. "அம்மா, ஜாம் ஆயிடுச்சும்மா!" ன்னு மதுமதி நாற்காலியெல்லாம் தாண்டிக் குதிச்சு ஓடி வந்தவ, எங்க ரெண்டு பேரையும் பாத்ததும் அபிராமி கழுத்தைக் கட்டிக்கிட்டா. படம் பாக்கற வரிசை கால் மணி நேரம் நகரவே இல்லை.

மறுநாள் அம்புக்குறி எல்லாத்தையும் மதுமதி பிச்சு எடுத்துட்டா. அவளோட அதிகாரி வந்து, ஜனங்க ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நடக்கறதைப் பாத்துக் கைகொட்டிச் சிரிச்சாராம். அந்தச் சாலையில அப்படித்தானே போயிருப்பாங்க, போறவங்களும் வர்றவங்களும்னு சொன்னாராம். வாசல்ல ஒரு புது அட்டை மாட்டச் சொன்னா. "எடோவிலிருந்து போகலாம், கியோட்டோவிலிருந்தும் வரலாம்" னு நான்தான் எழுதினேன்.

அபிராமியோட சண்டை மட்டும் முழுசா ஓயலை. "பாதி ராஜ்ஜியம் தாண்டி நான் வந்தேன், நீ நாலு ஊர் தாண்டறதுக்குள்ள நின்னுட்டே. அப்ப யாரு யாரைத் தேடி வந்தது?" ன்னு கேட்டேன்.

"நீ வந்தது அப்பிரதட்சிணம். அது கணக்குல சேராது" ன்னுட்டா.

மிச்சம் இருந்த நாளெல்லாம் அவ வீட்டுலதான் கிடந்தேன். பாத்திரம் கட்டினோம், பழைய புடவையை ஆளுக்குப் பாதியா பிரிச்சோம், பேசாம விட்ட பத்து மாசக் கதையையும் பேசித் தீத்தோம். மதியழகன் அண்ணன் டீ போட்டுக் கொண்டு வந்து வெச்சுட்டு, சத்தமில்லாமப் போயிடுவார். ரயில் விஷயத்தை அபிராமி அவர்கிட்டயும் கேட்டுட்டா போல. புது டெல்லி ஸ்டேஷன்ல கேரளா எக்ஸ்பிரஸ் ஏத்திவிடப் போனப்ப, "இந்தத் தடவை நான் கீழ் பர்த்தும்மா. தூங்கவே மாட்டேன்" னு என்கிட்ட சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னார். வண்டி நகர்ந்துச்சு. அபிராமி கதவுல நின்னுக்கிட்டு, "நீ கீழ நில்லு, மேல ஏறி எதையும் இழுத்துராத!" ன்னு கத்தினா. பிளாட்ஃபாரமே திரும்பிப் பாத்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்ல படம் வர ஆரம்பிச்சுது. மதுமதி சொல்லிக் குடுத்திருக்கா, ஊருக்கு ஒரு படம் அனுப்புங்க சித்தின்னு. ஆக்ரான்னு ஒரு படம், வெறும் கறுப்பு ஜன்னல். "இது படமா?" ன்னு கேட்டேன். "இருட்டுன்னா இருட்டுத்தான் தெரியும்" னு பதில். விடிஞ்சதும் ஒரு ஸ்டேஷன், டீக்கடை, மூட்டை தூக்கற ஆளு. அப்புறம் இட்லிப் பொட்டலத்தோட உக்காந்திருக்கற மதியழகன் அண்ணன், கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு. பாவம், மனுஷன் நிஜமாவே தூங்கலை.

அன்னிக்கு மத்தியானம். நான் ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டிருந்தேன். போன் சிணுங்கிச்சு. நாக்பூர். ஒரு கூடை ஆரஞ்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொரு படம் வந்துச்சு. ரயில் பெட்டிக்குள்ள அந்தச் சிவப்புச் சங்கிலி. அதும் மேல அவ விரல், கண்ணாடி வளையல் தெரியுது. கீழே எழுதியிருக்கா, "பூங்கோதை, இழுத்துட்டுத் திரும்பி வந்துரட்டுமா?"

எனக்குக் கண்ணு மறைச்சுடுச்சு. அடுப்பை அணைச்சுட்டு, தட்டுத் தடுமாறி, "இழு" ன்னு அடிச்சு அனுப்பினேன்.

தோளுக்கு மேலே எட்டிப் பாத்த என் வீட்டுக்காரர் பதறிப்போயிட்டார். "அடிப்பாவி, அவ நிஜமாவே இழுத்துடப் போறா!"

"இழுக்கட்டுமே" ன்னேன். "எனக்காகவும் ஒரு வண்டி நிக்கட்டும்."